பாதிக் கூலிக்குக் குடைந்த ஹெட்

வெள்ளிக்கிழமை, இரவு.

அப்பாவும் அம்மாவும் தூங்கிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்கு பைக் பந்தயம். என்ஜினின் மேல்பாகமான ஹெட்டில் காற்று போகும் வழியைக் குடைந்து அகலமாக்கினால் வேகம் கூடுமாம். பெரிய பட்டறையில் கேட்ட கூலி கட்டுப்படியாகவில்லை. துடியலூரில் ஒருவரிடம் பாதிக் கூலிக்குச் செய்து வாங்கிவந்து, சாயங்காலம் என்னிடம் பெருமையாகக் காட்டினான். உள்ளே எவர்சில்வர் டம்ளர் போல மின்னியது. ஓரிடத்தில் மட்டும் மிளகு அளவில் சாம்பல் நிறப் பொட்டு. நகத்தால் சுரண்டினேன். உதிர்ந்தது.

“ஏனுங்ண்ணா, இது உரியுதுங்க.”

அவன் முகம் மாறிவிட்டது. அதிகமாகக் குடைந்ததில் அந்த வழியின் சுவர் ஓட்டையாகி, பசை வைத்து அடைத்திருக்கிறார்கள்.

“ஓடறப்ப இது பேர்ந்து உள்ள போனா என்னாகுங்ண்ணா?”

“என்ஜின் புடிச்சுக்கும். சக்கரம் நின்னுபோகும். அப்பறம் வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்” என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“வேற ஹெட் போடுங்கண்ணா.”

“அதுக்கு எங்க போறது? குடுத்த கூலிக்கு இவ்வளவுதான் கண்ணு. அப்பாகிட்டச் சொல்லிப்போடாதே.”

இந்தப் பந்தயத்தில் ஜெயிக்காவிட்டால் அண்ணன் திங்கள்கிழமை பெருந்துறை மில் வேலைக்குப் போக வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். நான் சொன்னால் நாளைக்கே வண்டியை விற்றுவிடுவார். அண்ணன் என்னோடு பேசவே மாட்டான். சொல்லாவிட்டால்... எழுதக் கை வரவில்லை.

அந்த ஓட்டையில் மறுபடி பசை வைத்து, இப்போது ஹெட்டை மாட்டிக்கொண்டிருக்கிறான். மாட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னை மெதுவாகக் கூப்பிடுகிறான்.

போகிறேன்.