நழுவுகிற செட்

சாவி மீட்டர் பெட்டிமேல் இருக்கிறது. உன் சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன், ஆறுவதற்குள் சாப்பிடு.

பதினொரு மணிக்கு ஹாம் ரேடியோ கடைக்காரர் புது செட்டோடு வருவார். பழையதைத் தூக்கிக் கொடுத்துவிடாதே. வேண்டாம் என்று சொல்லி அனுப்பு. பழியை என்மேல் போட்டுவிடு.

“சூடானா அலைவரிசை நழுவுது, இந்த ஓட்டைப் பெட்டியை இன்னும் எத்தனை நாள் கட்டிக்கிட்டு அழப்போறீங்க?” என்று நேற்று கேட்டாய். காரணம் இதுதான்.

உன் அண்ணன், பெரியவன், என்னோடு பேசி இரண்டு வருஷம் ஆகிறது. ஆனால் காலையில் நான் மற்ற ஊர் ஹாம்காரர்களோடு ரேடியோவில் பேசும்போது செட் நழுவினால், எங்கிருந்தோ மோர்ஸ் தந்திக் குறியீட்டில் இரண்டு தட்டு வரும். அவன் கைதான், எனக்குத் தெரியும். உடனே அலைவரிசையைத் திருத்திக்கொள்வேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

பி.கு.: கடைக்காரர் சொன்னார், புது செட் நழுவவே நழுவாதாம்.