டிரம்முக்கு எடுத்த ஆரத்தி

நைனா,

நேற்று திருப்பதியில் காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்டேன். நர்ஸ் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக் கையில் தேய்த்தார். ஊசி வலிக்கவில்லை, அந்த வாசனைதான் குத்தியது. அப்படியே உன் ஸ்டோர் ரூம் வாசனை. பாட்டிலை மூடிவிட்டு அப்புறம் குத்துங்கள் சிஸ்டர் என்று சொல்லிவிட்டேன். காய்ச்சல் தலைக்கு ஏறிவிட்டதோ என்று பார்த்தார். ஆனாலும் மூடினார்.

சர்க்யூட் போர்டில் ஈயம் வைத்த பிறகு ஒட்டியிருக்கும் பிசினைத் துடைக்கிற அந்தத் திரவத்துக்கு நம் கம்பெனியில் ஐ.பி.ஏ. என்று பேர். மற்றவர்கள் ஐ.பி.எஸ்.ஸுக்குக் கொடுக்கும் மரியாதையை நீ ஐ.பி.ஏ.வுக்குக் கொடுத்தாய். "அது நல்லவன்தான். நெருப்போட சேந்தா கெட்டுப்பூடுவான்" என்பாய், ஏதோ பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றிச் சொல்வதுபோல.

நகரியிலிருந்து நாம் இருவரும் ஒரே கம்பெனி பஸ்ஸில்தான் போவோம். கம்பெனி வேலி தாண்டும்வரை நீ நைனா, தாண்டினால் ஸ்டோர் கீப்பர். போர்டு துடைக்கிற நான் என் குட்டி ஐ.பி.ஏ. பாட்டிலை நிரப்ப வந்தால், பெற்ற மகளிடமே அடையாள அட்டையைக் கேட்பாய். செல்போன் வெளியே, கையுறை உள்ளே. பாட்டிலில் பேர், தேதி ஒட்டியிருக்க வேண்டும். தட்டின் மேல் வைத்துத்தான் ஊற்ற வேண்டும். ஒரு நாள் கையெழுத்துப் பத்தியில் "தங்கள் அன்பு மகள்" என்று எழுதினேன். அடித்துவிட்டு ஊழியர் எண்ணை எழுத வைத்தாய்.

வீட்டிலும் விட்டாயா? உப்பு, மிளகாய்த்தூள், தேங்காய் எண்ணெய் எல்லாவற்றுக்கும் சீட்டு, திறந்த தேதியோடு. நீ தூங்கும்போது உன் முதுகில் "குலுக்கக் கூடாது, வெயிலில் வைக்கக் கூடாது" என்று எழுதி ஒட்டினேன். அதோடு டீக்கடைவரை போய் வந்தாய்.

குவைத்தில் பெயிண்ட் கிடங்கில் ஏழு வருடம் இருந்து நீ கொண்டுவந்தது இரண்டு கம்பளி, ஒரு டேப் ரெக்கார்டர், பாதி இடது புருவம். மீதிப் புருவம் எங்கே என்று கேட்டால் பேச்சை மாற்றுவாய். ஒரே ஒரு முறை சொன்னாய், பக்கத்தில் ஒருத்தன் பீடி பற்றவைத்தானாம். அவனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். எழுந்து போய்விட்டாய்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு உன் பேர் நிரந்தர வேலைப் பட்டியலில் இருந்தது. கம்பெனி வருவதற்கு முன் அதே நிலத்தில் நீயும் அம்மாவும் கூலிக்கு வேர்க்கடலை பிடுங்கினீர்கள். அடையாள அட்டையில் காண்ட்ராக்டின் மஞ்சள் நாடா போய் நிரந்தரத்தின் நீல நாடா வரப்போகிறது என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். மேனேஜர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அந்த மேனேஜர்தான் பூஜைத் தட்டோடு வரிசை வரிசையாக வந்தார். கன்வேயருக்குக் கற்பூரம், கம்ப்ரசருக்குக் கற்பூரம், காபி மெஷினுக்கும் கற்பூரம். அடுத்தது உன் கதவு. உள்ளே ஐ.பி.ஏ. டிரம்முக்கு நீயே சந்தனம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, மாப்பிள்ளை மாதிரி நிறுத்தியிருந்தாய். நெற்றி நிறைய விபூதியோடு வாசலை மறித்து நின்றாய்.

"பூ போடுங்க சார், பொட்டு வைங்க. நெருப்பு மட்டும் உள்ள வராது."

"ஏமய்யா, தேவுடுக்கே தடையா? அர நிமிஷம் காட்டிட்டு வந்துடறேன்."

"அதோட ஆவி கண்ணுக்குத் தெரியாது சார். தரையோட தரையா போய்க்கினு இருக்கும். அர நிமிஷம் அதுக்கு ரொம்ப ஜாஸ்தி."

ஸ்டோரை மட்டும் விட்டால் வருடம் முழுக்கக் கம்பெனிக்கு ஆகாது என்று பின்னால் முணுமுணுப்பு. மேனேஜரின் முகம் சிவந்துகொண்டு வந்தது. எனக்கு நீல நாடா காற்றில் பறந்து போவது தெரிந்தது.

நான் ரிசப்ஷனுக்கு ஓடினேன். அங்கே கோலத்தின் நடுவில் பேட்டரி அகல் ஒன்று மினுக் மினுக்கென்று நடித்துக்கொண்டிருந்தது. அதை எடுத்து அங்கிருந்த இன்னொரு தட்டில் வைத்து, சுடர் மட்டும் தெரியும்படி வெற்றிலையும் பூவும் குவித்து மறைத்தேன். வாசனைக்காகப் பற்றவைக்காத கற்பூரம் ஒன்றைப் பக்கத்தில் போட்டேன். வாசலுக்கு வந்து உன்னைப் பார்த்துக் கண்ணடித்தேன். நீ தட்டைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய்.

"சுவிட்ச் எங்க போட்ட?" காதருகே கேட்டாய்.

"வெளியிலேயே, நைனா."

"உள்ள அணைக்காத. சுவிட்ச்லயும் பொறி வரும்."

வழி விட்டாய். மேனேஜரின் தட்டை வாங்கி வெளியே வைத்துவிட்டு, என் தட்டை அவர் கையில் கொடுத்தேன். சாம்பிராணிப் புகையில் கண் கலங்கியிருந்த மேனேஜர் டிரம்முக்கு மூன்று சுற்று சுற்றினார். வரிசையாக எல்லாரும் பேட்டரி மேல் கை காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பேக்கிங் செக்‌ஷன் ஆள் ஒருவர் சூடு பட்டதுபோல விரலைக்கூட உதறினார். நான் சிரிப்பை அடக்கியதில் விக்கலே வந்துவிட்டது.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும், நைனா. நீ முடிய விட்டாயா? மறுநாள் எனக்கு மெமோ கொடுத்தாய். அனுமதி பெறாத மின்பொருள் ஒன்று, பற்றவைக்காத கற்பூரம் ஒன்று, ஸ்டோருக்குள் கொண்டுவந்தது. விளக்கு வைத்ததற்கு விளக்கம் கேட்ட ஒரே அப்பன் நீதான். கீழே "உள்ளே விட்டவர்" என்று உன் பேரையும் எழுதி, பதிவேட்டிலும் ஏற்றி, நேராக மேனேஜருக்கு அனுப்பினாய். கிழித்துப் போடச் சொல்லிக் கெஞ்சினேன். "நடந்தத எழுதலன்னா இன்னாத்துக்கு ரிஜிஸ்டர்?" என்றாய்.

மேனேஜர் இருவரையும் கூப்பிட்டார். மெமோவை இரண்டு முறை படித்தார்.

"அப்போ நான் கும்பிட்டது பேட்டரியவா?"

"சாமி உங்கள பாத்துக்கினுதான் இருந்தாரு சார்," என்றாய். "நான் டிரம்ம பாத்துக்கினு இருந்தேன்."

அவர் சிரிக்கவில்லை. மேஜை மேல் கையெழுத்துக்காகக் காத்திருந்த உன் ஃபைலை எடுத்து டிராயருக்குள் போட்டார். பஸ்ஸில் நான் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்குவதுபோல் நடித்தாய். உனக்கு நடிப்பு வராது.

நான்கு மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வந்த வெளிநாட்டுக்காரர் உன் பதிவேட்டைப் புரட்டினார். ஆயுத பூஜைக் குறிப்பு இருந்த பக்கம் வந்ததும், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். மேனேஜர்தான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது, தான் பேட்டரியை மூன்று சுற்று சுற்றியது உட்பட. வந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்தி, இதை எழுதிய ஆள் யார் என்று கேட்டார். அன்று சாயங்காலம் டிராயர் திறந்தது.

நீல நாடா பதினோரு மாதம் உன் கழுத்தில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மார்வலி. ஐ.பி.ஏ.வுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதைத் தனியாகக் குறித்து வைக்கச் சொல்லியிருப்பாய் என்பதால் குறிக்கிறேன்.

உன்னைப் பந்தலில் கிடத்தியிருந்தபோது எல்லாரும் அழுதார்கள். எனக்கு வரவில்லை. தலைமாட்டில் பெரியப்பா கற்பூரம் ஏற்றத் தீக்குச்சியை உரசப் போனார். அவர் காலருகே ஜெனரேட்டர்காரனின் டீசல் கேன் இருந்தது, மூடி இல்லாமல். நான் எழுந்தேன். "கொஞ்சம் இரு பெரிப்பா" என்றேன். மூடியைத் தேடி எடுத்து, இறுக்கி, கேனைத் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை போய் வைத்தேன். பெத்த அப்பன் போயிருக்கிறான், இது கேனைத் தூக்கிக்கினு போவுதே என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

திரும்பி வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இப்ப ஏத்து பெரிப்பா" என்றேன். அதற்கப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது.