ரசத்தில் போன கொலம்பைன்

என் பிரியமுள்ள அண்ணி,

நீங்கள் போய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. உங்களிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இருந்திருந்தால் கரண்டியைத் தூக்கியிருப்பீர்கள். எட்டாத தூரத்தில் இருக்கிறீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

உங்கள் கொலம்பைன் பூவிதைகளை நான் தாளித்துவிட்டேன்.

பதறாதீர்கள், முதலிலிருந்து சொல்கிறேன். மேமியோ மலையூரிலிருந்து உங்கள் தங்கை அனுப்பிய விதை அது. மலைக்குளிரில் வளர வேண்டிய செடியை, வெயில் கொளுத்தும் நம் நகரத்துப் பபேடானில் ஐந்தாம் மாடிப் பால்கனியில் வளர்த்தே தீருவேன் என்று மூன்று வருஷம் ஒற்றைக்காலில் நின்றீர்கள். ஒவ்வொரு தடவையும் முளைத்தது, நாலு இலை விட்டது, திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழா வெயில் வந்ததும் கருகியது. தொட்டியில் ஐஸ்கட்டி வைத்தீர்கள். குடை கட்டினீர்கள். எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட நம் வீட்டில் அவ்வளவு கவனிப்பு கிடைத்ததில்லை. பால் நிறத்தில் தலை கவிழ்ந்து பூக்கும், பின்னால் வால் வாலாக நீட்டிக்கொண்டிருக்கும், வீடே மணக்கும் என்பீர்கள். வீட்டில் நாங்கள் யார் பார்த்தோம், சொல்லுங்கள்?

நீங்கள் போனபின் அண்ணன் மாடியை விட்டு இறங்கவே இல்லை. போட்டாதாங் துறைமுகத்தில் அத்தனை பேரை அதட்டி வேலை வாங்கிய மனிதர், உங்கள் காலித் தொட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். சோற்றைப் பிசைவார், எழுந்துவிடுவார். ஆளே பாதியாகிவிட்டார். மழை விட்டதும் அவள் விதையைப் போட வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் வாயிலிருந்து வந்த பேச்சு. அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் நானும் நாளை ஓட்டினேன்.

விதைக்குக் குளிர் காட்ட வேண்டும் என்று ஃப்ரிட்ஜில் வைத்திருந்தீர்கள் அல்லவா? மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும் என்று நம் வீட்டுக் கடுகும் அங்கேதான் இருக்கிறது. இரண்டும் ஒரே மாதிரி ஜாம் பாட்டில். ஒரு சாயங்காலம் மின்சாரம் போய்விட்டது. கரி அடுப்பில் ரசம் இறக்கி, இருட்டில் பாட்டிலைத் துழாவி எடுத்து, எண்ணெயில் கொட்டினேன். கடுகு வெடிக்கவில்லை. எண்ணெய் காயவில்லை போலும் என்று விசிறினேன். மிச்சத்தையும் போட்டேன். அப்போதும் வெடிக்கவில்லை. பசியில் அப்படியே ரசத்தில் ஊற்றிவிட்டேன். அன்று இரண்டு பேருக்கும் வயிறு கடமுடாவென்றது.

காலையில் கடுகு அப்படியே இருக்க, உங்கள் விதைப் பாட்டில் காலியாக இருப்பதைப் பார்த்ததும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அண்ணனிடம் எந்த வாயால் சொல்வது? பேசாமல் அந்தப் பாட்டிலில் கடுகை நிரப்பி வைத்தேன்.

மழை விட்டது. அண்ணன் குளித்து, திருநீறு பூசி, கடுகை விதைத்தார்.

மூன்றே நாளில் முளைத்துவிட்டது. உங்கள் விதை ஒரு மாதம் அழிச்சாட்டியம் பண்ணுமே, நினைவிருக்கிறதா? அவள் கையை விட என் கை ராசி என்று அண்ணன் பூரித்துப்போனார். இரண்டாம் தடவை சோறு கேட்டார். நான் அடுப்படியில் நின்று சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று தெரியாமல் விழித்தேன்.

கீழ்வீட்டு அம்மாள் டோ கின் ஒருநாள் மேலே வந்தார். இது மொன்ஞின்தானே, ஊறுகாய் போடுகிற கடுகுக்கீரை, இலை முற்றுவதற்குள் பறித்துக் கொடுங்கள் என்றார். பூ எது கீரை எது என்று தெரியாத நாக்கு உனக்கு என்று அண்ணன் சண்டைக்குப் போய்விட்டார். அதோடு விட்டாரா? உங்கள் முதல் திதியன்று இந்தப் பூவைப் பறித்து உங்கள் படத்துக்கு வைக்கப்போவதாகப் பால்கனியில் நின்றபடியே தெருவெல்லாம் கூவி அழைத்துவிட்டார். அத்தனை பேர் முன்னால் கடுகுப் பூவை வைத்துவிட்டு, அதற்குப் பிறகு உண்மை தெரிந்தால் அவர் என்ன ஆவார்?

திதிக்கு முந்தின நாள் டீயைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னேன்.

"அண்ணே, அது அண்ணியோட செடி இல்ல. கடுகு."

"அப்ப அவ விதை?"

"ரசத்துல போயிருச்சு. நாமதான் சாப்பிட்டோம்."

அவர் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி பழைய நாற்காலிக்கே போய்விடுவார் என்று நினைத்தேன். பிறகு மெதுவாக வயிற்றைத் தடவினார்.

"அன்னிக்கு வயித்தக் கலக்குச்சே, அது இவதானா? இருந்தப்ப சமைச்சுப் போட்டுக் கலக்கினா. போயும் விடல பாரு."

சிரித்தார், அண்ணி. டீ வேட்டியில் சிந்தச் சிந்தச் சிரித்தார். சிரித்தபடியே அழ ஆரம்பித்தார். ஒரு வருஷமாக உங்களுக்காக அவர் அழவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானும் சேர்ந்து அழுதேன்.

பிறகு முகம் கழுவி, கீரையை வேரோடு பிடுங்கி, தானே ஐந்து மாடி இறங்கி டோ கின்னிடம் கொடுத்தார். மேலே வந்து, மேமியோவுக்கு எப்போது ரயில் என்று கேட்டார். மறுநாள் திதிக்கு உங்கள் படத்துக்குக் கடைப் பூவைத்தான் வைத்தோம். அடுத்த மாதம் நாங்கள் போகிறோம். உங்கள் தங்கை புது விதை எடுத்து வைத்திருக்கிறாள்.

விதைத்துப் பூக்க இரண்டு வருஷம் ஆகும் என்கிறாள். நம் பால்கனி வெயிலுக்கு இன்னும் எத்தனை வருஷமோ. ஒவ்வொரு தடவை கருகும்போதும் அண்ணன் கையில் புது விதை கொடுப்பேன், இது சத்தியம். அது பூக்கிற வரைக்கும் நீங்கள் அவரை அங்கே கூப்பிடக் கூடாது.

என்றும் உங்களோடு மல்லுக்கு நின்ற,
உங்கள் நாத்தனார் சரோஜா