எஸ்தர் கண்ணால் பார்த்தது

8 ஆகஸ்டு 1936, சனிக்கிழமை

நாளை ஆராதனையில் எனக்குப் பதிலாக என் மகள் எஸ்தர் பிரசங்கம் செய்கிறாள். பன்னிரண்டு வயது. இதுதான் முதல் முறை. கண்ணால் பார்த்த ஒன்றைச் சொன்னால்தான் பிரசங்கம் நிற்கும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

சாயங்காலம் பேசிக் காட்டினாள்.

"போன மாசம் நற்கருணையில எல்லாரும் குடிச்ச கிண்ணத்துல கடைசியா, பாயில உக்காந்திருந்த சேரிச் சனங்க குடிச்சாங்க. மிஞ்சின திராட்சரசத்தைப் போதகர்தான் குடிக்கோணுமுங்க. எங்கப்பா குடிக்கலீங்க. கோயிலுக்குப் பின்னால மண்ணுல ஊத்திப்போட்டாருங்க."

எழுதிய தாளை என்னிடம் நீட்டிக் கேட்டாள்.

"பாயில இருக்கறவங்களுக்கும் கேக்குமுங்களாப்பா?"

"கேக்கும் கண்ணு."

அவள் தூங்கிவிட்டாள். அந்தத் தாள் என் மேசைமேல் விளக்கருகே கிடக்கிறது. எரித்துப் பயனில்லை. அவளுக்கு எல்லாம் மனப்பாடம்.