எல்லைக்கல்லில் கூவ வேண்டிய சேவல்

நெல்லும் நீரும் நிறைக. கடல் தருவதும் மலை தருவதும் குறைவுபடாத தாழம்புரை நாட்டில், நம்பிவேள் மன்னரின் வலக்கையாய் விளங்கும் பேரமைச்சர் நன்னாகனார் திருமுன்பு, கடம்பவெளி வேந்தர் எழினிவேலரின் ஓலைநாயகர் காரி பூதனார் தலை தாழ்த்தி விடுக்கும் ஓலை. அங்கே அரசரும் அரசியும் யானைகளும் நலமென நம்பி, இங்கே நலமில்லாத ஒன்றை உரைக்கவே இது எழுதப்படுகிறது. படித்தபின் அடுப்பிலிடுக.

இரு நாடும் வாளை உறையிலிட்ட நாளில், பிணையாக இளவரசரைக் கேளாமல் கோழியைக் கேட்டது தங்கள் மன்னரின் பெருந்தன்மை. தாழம்புரையின் நீலக்கால் சேவலும் பெட்டைகளும் இங்கு வந்தன. கடம்பவெளியின் செஞ்சேவலும் பெட்டைகளும் அங்கு சென்றன. ஆண்டுதோறும் தைத் திங்கள் முதல் விடியலில், எல்லைக்கல்லின் இருபுறமும் திரையிட்ட பல்லக்கில் சேவல்கள் வந்திறங்க, இங்கிருப்பது கூவி அங்கிருப்பது மறுமொழி கூவினால் அமைதி இன்னோர் ஆண்டு நீளும். ஒரு பக்கம் ஊமையானால் போர். இது தாங்கள் அறிந்ததே.

அக்கோழிகளின் காவலைக் கேட்டு வாங்கியவர் கோட்டைத் தலைவர் கொற்றன் பெருந்தோளார். கோழி மேய்க்கவா இத்தனை பெரிய மீசை என்று சபையில் சிலர் வாய்க்குள் சிரித்தனர், இதை எழுதும் பூதனாரும் சிரித்தவர்தாம். பெருந்தோளார் சிரிக்கவில்லை. மூத்த மகனை முந்தைய போரில் எல்லைத் துறையில் பறிகொடுத்தவர் அவர். இளையவன் சேந்தன் இன்று அதே துறையில் காவல் நிற்கிறான். சேவல் ஊமையானால் முதல் அம்பு யார்மேல் பாயும் என்பதை அவருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் கூடு கட்டச் சொன்னால் அம்மனிதர் கோட்டை கட்டினார். ஆள் ஏற முடியாத கருங்கல் மதில், சுற்றிலும் அகழி, யானை முட்டாதபடி முள் பதித்த கதவு. கதவுக் கம்பிகளின் இடைவெளியோ படைவீரன் தோள் நுழையாத அளவு. மேலே மட்டும் வெறும் வானம், பகைவர் வானத்திலிருந்து இறங்கிய வரலாறு கடம்பவெளியில் இல்லாமையால். அவர் மனைவி வஞ்சிக்கொடியார் பார்த்துவிட்டு, “மேலே மூடாம விட்டிருக்கீரே, மரநாய் என்ன வாசல்ல நின்னு உத்தரவு கேட்டுட்டா வரும்?” என்றது அடுத்த மனையிலிருந்த பூதனார் செவி வரை எட்டியது. காது கொடுத்துக் கேட்டதல்ல, மதில் தாழ்வானது.

மரநாய் உத்தரவு கேட்கவில்லை. பலாக்கிளை வழியே இறங்கி இளம்பெட்டைகளை முடித்துவிட்டுப் போயிற்று. வேல்வீரர் காவல் நின்றனர். கோட்டைக் காவலின் வழக்கப்படி அனைவரும் கூட்டுக்கு முதுகு காட்டி வெளியே பார்த்து நின்றமையால், முதுகுக்குப் பின்னே நடந்தது ஒருவருக்கும் தெரியவில்லை. பிறகு மேலே மூடினார்கள். படைவீரன் தோள் நுழையாத கம்பிக்குள் கீரி நிமிர்ந்தே நுழைந்தது. முட்டையும் குஞ்சும் அத்துடன் போயின.

அதன் பின்னரே பெருந்தோளார் கோழியின் பகைவர் யார் யாரென்று கற்றார். மதிலை இடித்தார். விரல் நுழையாத மூங்கில் பின்னல், பறண்டித் தோண்ட முடியாதபடி தரைக்கடியில் கல்படுகை, மூக்கால் நெம்பினாலும் திறவாத இரட்டைத் தாழ், பகலில் மேய மேற்கூரையிட்ட அடைப்பு. நல்ல கூடு. பழித்துப் பழகிய பூதனாருக்கே பழிக்க ஒன்றும் அகப்படவில்லை. புகுவிழாவுக்கு நாள் குறித்து முரசும் வந்தது. நல்ல நேரம் பிறக்கட்டும் என்று, மிஞ்சியிருந்த ஒரே சேவலை அதுவரை முற்றத்தில் அவிழ்த்து விட்டிருந்தனர். நல்ல நேரம் பிறப்பதற்குச் சற்று முன் காட்டுப்பூனை வந்தது.

இப்போது அக்கூட்டில் ஒரு கிழட்டுப் பெட்டை இருக்கிறது. அதன் முன்னே பெருந்தோளார், தமக்கு வைத்த சோற்றைத் தொடாமல் அமர்ந்திருக்கிறார். புதுச் சேவல் கேட்கலாமென்றால், நீலக்கால் இனம் கொள்ளைநோயில் தங்கள் நாட்டிலும் அற்றுப்போயிற்று எனக் கேள்வி. ஊர்ச் சேவலைக் கொண்டுபோகலாமென்றால், நீலக்காலுக்கேயுரிய அந்த மூன்று இழுப்புக் கூவல் வேறெதற்கும் வாராது. எல்லையில் நிற்கும் பொடியன்கூடக் கண்டுபிடித்துவிடுவான்.

சில நாளாக அடுத்த மனையில் விடியலில் மூன்று இழுப்புக் கூவல் கேட்கிறது. செத்தது பிழைத்ததோ என்று பூதனார் மதிலுக்கு மேல் தலை நீட்டினார். கிணற்றடியில் பெருந்தோளார் கழுத்தை நீட்டி, கண்ணை மூடிக் கூவிக்கொண்டிருந்தார். எதிரே வஞ்சிக்கொடியார், “மூணாவது இழுப்பு இன்னும் நீளணும். இப்படிக் கூவினா நம்ம புள்ளைக்கு யாரு பதில் சொல்றது?” என்று முந்தானையால் முகம் துடைத்தார். பெருந்தோளார் மறுபடி கூவினார். பூதனார் தலையை இழுத்துக்கொண்டார். அன்று அதை எவரிடமும் சொல்லவில்லை. அவரை அறிந்த தாங்கள் இதை நம்புவது அரிது.

இனி ஒரு சொல். சென்ற தையில் தங்கள் பக்கத்துச் சேவல் மறுமொழி கூவி முடித்தபின் திரைக்குள் இருமியது. செருமி, துப்பவும் செய்தது. எம் வேந்தர் வானத்தைப் பார்த்தார், யாமும் பார்த்தோம். மரநாய் எந்நாட்டுக்கும் பொது என்பது அன்றே விளங்கிற்று.

ஆகவே எழினிவேலர் ஆணை இது: இவ்வாண்டு பல்லக்குத் திரைகள் இரட்டைத் துணியாலாகுக. எவரும் விலக்கிப் பாராதிருக்க. தங்கள் பக்கத்துப் பெரியவரின் தொண்டைக்கு அதிமதுரமும் மிளகும் இத்துடன் வருகின்றன. அவர் மூச்சும் எம்மவர் மூச்சும் உள்ளவரை அமைதி உண்டு. அதற்கப்பால் என்னவென்று இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. மிஞ்சிய குஞ்சு ஏதும் அங்கிருக்குமானால் மேலே மூடுக, கம்பியை நெருக்குக, காவலரை உள்நோக்கி நிறுத்துக, நல்ல நேரம் பாராதிருக்க.

கடம்ப இலை முத்திரை இட்டோம். முதற்கூவல் எம்முடையது. மறுமொழியைக் கைவிடாதீர்.