யாரும் தள்ளாமல் சுற்றியது

மேல் அறையில் கணினி சூடேறியதும் இன்று காலை அந்தத் தூசி கருகும் வாசம் வந்தது. நீ அதன் தலைமேல் பிளேன்டீக் கோப்பையை வைத்து ஆறாமல் பார்த்துக்கொள்வாய். "இந்தச் சூடு எதுக்கு வீணாப் போகணும்?" என்பாய். உன் கதிரையில் இப்போது யாரையும் உட்கார விடுவதில்லை. வாப்பா ஒரு நாள் ஆணிப் பெட்டியை அதில் வைக்கப் பார்த்தார். சண்டை போட்டுவிட்டேன்.

அக்குறணையில் வாப்பாவின் இரும்புக் கடை மாடியில் இருந்துகொண்டு, கடல் கடந்த அணு இணைவு இயந்திரமொன்றின் அளவீடுகளை நாம் ஆராய்கிறோம் என்றால் எவர்தான் நம்பினார்கள்? நீ கலஹாவிலிருந்து கண்டியில் பஸ் மாறி வருவாய். "யாரப் புடிச்சு இந்த வேலைக்கு வந்தீங்க தம்பி?" என்று பஸ்ஸில் ஒருவர் கேட்டாராம். "யாரையும் புடிக்கலீங்க. நாங்க பாக்குற பிளாஸ்மாவும் அப்படித்தான், யாரும் தள்ளாமத்தான் சுத்துது" என்றாயாம். வந்து சொல்லிச் சிரித்தாய். எனக்குத்தான் கோபம் அடங்கவில்லை.

அந்த மனிதருக்கு அது விளங்கியிருக்காது. வளையக் கூட்டுக்குள் காந்தப்புலம் பிடித்து வைத்திருக்கும் கொதிவாயுதான் பிளாஸ்மா. வெளியிலிருந்து துகள்களைப் பாய்ச்சினால் அது சுற்றும், அதில் அதிசயம் ஒன்றுமில்லை. பாய்ச்சாவிட்டாலும் சுற்றுகிறது. தனக்குள் இருக்கும் கொந்தளிப்பிலிருந்தே அந்த ஓட்டத்தை எடுத்துக்கொள்கிறது என்கிறார்கள். நீ அதன்மேல் பைத்தியமாக இருந்தாய்.

ஒரு நாள், வாயுவின் அடர்த்தியைக் கூட்டிக்கொண்டு போன ஓர் அளவீட்டில், நடுப்பகுதி நின்று எதிர்த்திசையில் சுற்றத் தொடங்கியதைப் பார்த்தோம். வேறு இயந்திரங்களில் இதைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் இத்தனை குறைந்த அடர்த்தியில் அல்ல. நம் வழக்கப்படி, ஒருவர் கணக்கை மற்றவருக்குக் காட்டாமல் தனித்தனியே போட்டோம். இரண்டும் ஒன்றாகவே வந்தன. அப்போதும் உனக்கு ஆறவில்லை. தரையில் சோக்கட்டியால் வட்டம் போட்டு, பிளாஸ்மாவில் மின்னோட்டம் போகும் பக்கம் ஒருமுறையும் வாயு போகும் பக்கம் ஒருமுறையும் நடந்து பார்த்தாய். "மேல என்ன மகன், செக்கா இழுக்குறீங்க?" என்று வாப்பா கீழேயிருந்து கத்தினார்.

குழுத் தலைவர் வெளிநாட்டிலிருந்து ஒரே வரி எழுதினார். மின்னோட்டத்தின் திசையைத் தலைகீழாக எடுத்திருக்கிறோமாம், வெறும் குறிப் பிழையாம். சில நாட்களில் மட்டும் அங்கே மின்னோட்டத்தை எதிர்ப்பக்கமாகச் செலுத்துவார்கள். புதியவர்கள் அதை மறந்துவிடுவதுண்டு. நீயா மறப்பாய்? "பிழைன்னா மொதல்லருந்தே பிழையா இருக்கணும் மச்சான். பாதியில எப்படிப் பிழையாகும்?" என்றாய். அதையே எழுதி அனுப்பினோம். பதில் இல்லை.

பிறகு உனக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ கேட்டதும் அதைத்தான். "பதில் வந்திச்சா?" இல்லை என்றேன். "வரும். விட்றாத" என்றாய்.

பதில் நேற்று வந்தது. அந்தத் திசைமாற்றப் பகுதியை நீக்கிவிட்டால் நம் கட்டுரை உடனே சஞ்சிகைக்குப் போகுமாம். உன் பெயர் எழுதியவர்களோடு வராமல், கடைசியில் நன்றி வரியில் வருமாம். இல்லாதவர் எப்படிப் பொறுப்பேற்பார் என்று ஒரு நியாயம் வேறு.

அழலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆத்திரம்தான் வந்தது. இன்று காலை கணக்கை முதலிலிருந்து போட்டேன். பிறகு, உனக்காக, உன் முறையில் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி இன்னொரு முறை போட்டேன். நடுப்பகுதி திரும்பத்தான் செய்கிறது. நீ போனதில் எனக்கு மிஞ்சியது உன் பிடிவாதம் மட்டும்தான். அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

மத்தியானம் கணினித் திரையில் குழுக் கூட்டம். என் எதிர்காலத்தை நினைத்துப் பார்க்கும்படி தலைவர் மென்மையாகச் சொன்னார்.

"பிழை எங்கே என்று காட்டுங்கள், அந்தப் பகுதியை எடுத்துவிடுகிறேன்" என்றேன். "காட்ட முடியாவிட்டால் அது இருக்கும். அவன் பெயரும் இருக்கும், முதலாவதாக."

"நான் சம்மதிக்காவிட்டால்?"

"என் பெயரையும் எடுத்துவிடுங்கள். நாங்கள் இரண்டு பேரும் தனியாக எழுதிக்கொள்வோம்."

"இரண்டு பேரா?" என்று கேட்டார்.

"ஆமாம், இரண்டு பேர்தான்" என்றேன்.