கரண்டும் தண்ணீரும்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

கர்த்தருக்குள் வாழ்த்துகள். இங்கே நான் சுகம். நீங்களும் பாப்பாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் முழங்காலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். போனில்தான் பேசுகிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்பீர்கள். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு ஜோக் அடித்து நழுவிவிடுகிறீர்கள். காகிதத்தில் அந்த வேலை நடக்காது, கடைசி வரி வரைக்கும் படித்துத்தான் ஆக வேண்டும்.

நேற்று என்ன நடந்தது தெரியுமா? ஒரு முழு ஆளைத் தண்ணீரில் முக்கித் தூக்கினேன்! நானேதான்! அரிசி மூட்டையை நகர்த்த உங்களைக் கூப்பிடுவேனே, அதே நான்தான்!

இந்த வேதாகமக் கல்லூரியின் ஊழியப் பயிற்சி வகுப்பில் இப்போது ஞானஸ்நானம் கொடுக்கப் பழக்குகிறார்கள். ஆராதனைக் கூடத்தில் மேடைக்குப் பின்னால் தொட்டி இருக்கிறது. படியில் இறங்கினால் மற்றவர்களுக்கு இடுப்பளவு தண்ணீர், எனக்கு அதற்கும் மேலே. ஆசிரியர் ஆளுக்கொரு ஜோடி பிரித்தார். எனக்கு வந்து வாய்த்தவர் வகுப்பிலேயே பெரிய ஆள். ஏதோ தீவிலிருந்து வந்திருக்கிறார், மீன்பிடிப் படகில் வேலை பார்த்தவர். நான் மனதுக்குள் வைத்திருக்கும் பெயர் மலை. மலையைச் சாய்ப்பது சுலபமாகத்தான் இருந்தது. தூக்கப் போனேன் பாருங்கள், கால் வழுக்கி நானும் அவரோடு உள்ளே! வெள்ளை அங்கி குடை மாதிரி விரிந்து மேலே மிதக்கிறது, ஆளைக் காணோம். வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஆசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. கீழே விடுவது எல்லாருக்கும் வரும், மார்க் போடுவது தூக்குவதற்குத்தான் என்றார்.

பிறகு முறையைச் சொல்லிக் கொடுத்தார். மலை நெஞ்சின்மேல் கையைக் கோத்துக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். என் இன்னொரு கை அவர் முதுகில், தோளுக்குச் சற்றுக் கீழே. அவர் முழங்காலை மடக்க வேண்டும். பாதி பாரத்தைத் தண்ணீரே வாங்கிக்கொள்கிறது! அடுத்த தடவை மலை எழும்பி வந்து போட்ட அல்லேலூயாவில் சமையற்கட்டிலிருந்து ஆள் ஓடிவந்துவிட்டார். மலை உங்களைவிடக் கனம். அவரையே தூக்கிவிட்டேன், நீங்கள் எம்மாத்திரம்!

மற்றபடி படிப்பு போகிறது. கிரேக்கச் சொற்களைச் சீட்டில் எழுதி, சமையற்கட்டில் நான் வெங்காயம் உரிக்கும் மேசைக்கு எதிரே ஒட்டிவைத்திருக்கிறேன். எந்தச் சொல்லைப் பார்த்தாலும் கண்ணீர் வருகிறது, காரணம் வெங்காயமா கிரேக்கமா தெரியவில்லை. பிரசங்க வகுப்பில் நேரம் முடிந்தால் மணி அடித்துவிடுவார்கள். நான் முன்னுரையில் இருக்கும்போதே அடித்துவிட்டார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது காலை ஜெபம்தான். எல்லாரும் ஒரே நேரத்தில் அவரவர் மொழியில் ஜெபிப்பார்கள். உங்களைப் பற்றி என்ன புகார் வேண்டுமானாலும் தமிழில் சத்தமாகச் சொல்லலாம், பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு எழுத்துப் புரியாது.

இப்போது முக்கியமான விஷயம். பாஸ்டர் எழுதியிருக்கிறார். நான் திரும்பி வந்ததும் நடக்கப்போகிற ஞானஸ்நான ஆராதனையில் ஒருவருக்கு நானே கொடுக்கலாமாம், யார் என்று நானே சொல்லலாமாம். நம் சபையில் ஒரு பெண் கொடுப்பது இதுவே முதல் தடவை. யார் பெயரை எழுதுவேன் என்று உங்களுக்குத் தெரியாதா? நம் சபையில் உங்கள் அளவுக்குப் பிரசங்கம் கேட்டவர் யார் இருக்கிறார்கள்? வாரம் தவறாமல் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்கே கொடுக்கும் திருவிருந்து வரும்போது மட்டும் ஏதாவது ஒரு ஒயர் கழன்றுவிடும். ஞானஸ்நானம் என்று பாஸ்டர் ஆரம்பித்தால், "கரண்டும் தண்ணியும் ஒண்ணு சேரக்கூடாது பாஸ்டர், நான் தள்ளியே நிக்கிறேன்" என்பீர்கள், அவரும் சிரித்துவிடுவார். ஆனால் எனக்கு வழியனுப்புக் கூட்டம் நடந்த அன்று, "இவ படிச்சிட்டு வந்து என்னை முக்கினா நான் முங்கிக்கிறேன்" என்று சொன்னது யார்? மைக் ஆனில் இருந்தது. சபையே சாட்சி.

உங்கள் பெயரை எழுதட்டுமா? பதில் போடுங்கள். பாப்பாவுக்கு முத்தம்.

உங்கள் வருகையைத் தொட்டியில் எதிர்பார்க்கும்,
உங்கள் மனைவி


பாஸ்டரம்மாவுக்கு மைக் செட்காரன் எழுதிக்கொள்வது,

இங்கே எல்லாரும் நலம். கடிதம் கிடைத்தது. பாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். குடை மாதிரி விரிந்த இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னாள். அந்த மலைக்கு என் அனுதாபத்தைச் சொல்.

புது ஸ்பீக்கர் இரண்டு வாங்கியாயிற்று. பாஸ்டர் இருமினால் தெருமுனை வரைக்கும் கேட்கிறது. சமையல் பரவாயில்லை. பாப்பா குறை சொல்லிக்கொண்டே தட்டைக் காலி செய்கிறாள். பள்ளிக்கூடத்தில் நீச்சல் வகுப்பு ஆரம்பிக்கிறார்களாம், சேர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள், சரியாகிவிடுவாள்.

நீ கேட்ட விஷயம். அது சபை சிரிக்கட்டும் என்று சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு தொங்காதே. வேறு யாராவது பெயரை எழுதிக் கொடு, எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இனிமேல் இந்தப் பேச்சு வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிருக்குக் காதை மூடிக்கொள்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்


என் அன்புக்குரியவருக்கு,

சமாதானம் உண்டாகட்டும். உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதியை வாசித்துவிட்டு அழுதேன், அதை மறைக்கவில்லை. ஜோக்கே இல்லாமல் நீங்கள் எழுதிய முதல் நாலு வரி அதுதான். இவருக்கு என் ஊழியமும் வேண்டாம், ஆண்டவரும் வேண்டாம் என்றுதான் நினைத்தேன். வேறு பெயர் எழுதக் காகிதம்கூட எடுத்துவிட்டேன். பெயர்தான் வரவில்லை.

இன்று எல்லாம் புரிந்துவிட்டது! அதை உடனே சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும், அதனால்தான் மதியச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு எழுதுகிறேன்.

இன்று வகுப்பில் முறை மாறியது. மலை தூக்குகிறவர், நான் தண்ணீருக்குள் போகிறவள். அன்று வழுக்கி முங்கியபோது ஒன்றும் ஆகவில்லையே என்று சிரித்துக்கொண்டேதான் இறங்கினேன். தலை சாய்ந்து, காதுக்குள் தண்ணீர் போய், கூடத்துச் சத்தம் எல்லாம் பட்டென்று நின்றது பாருங்கள், எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. உதைத்தேன், பிறாண்டினேன். மலையின் கழுத்தில் என் நகம் பட்டு ரத்தக்கோடு. படிக்கு வந்த பிறகும் பல் கிட்டிக்கொண்டது.

ஆசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டுச் சொன்னார். தண்ணீருக்குப் பயப்படுகிறவர்கள் அதை வெளியே சொல்ல மாட்டார்கள். வேலை இருக்கிறது என்பார்கள், சளி பிடித்திருக்கிறது என்பார்கள், ஜோக் அடிப்பார்கள். நாம் அதை விசுவாசக் குறைச்சல் என்று எடுத்துக்கொண்டு, இன்னும் இரண்டு பிரசங்கம் செய்வோம் என்றார். ஜோக் என்று அவர் சொன்னதும் ஈரத்துணியோடு எழுந்து நின்றுவிட்டேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

கடற்கரைக்குப் போனால் எல்லாருடைய செருப்புக்கும் காவல் நீங்கள்தான். குளிக்கும்போது தலையைக் குனிந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவீர்கள், முகத்தை ஈரத்துண்டால் துடைப்பீர்கள். என் வீட்டுக்காரர் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிப்பார் என்று நான் பக்கத்து வீட்டில் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்! இப்போது பாப்பாவின் நீச்சல் வகுப்பு. ஆண்டவரே, இவருடைய கல் நெஞ்சை உருக்கும் என்று இத்தனை வருஷம் ஜெபித்திருக்கிறேன். இன்று ஜெபத்தை மாற்றிக்கொண்டேன். எவ்வளவு லேசாக இருக்கிறது தெரியுமா! உங்களுக்கு ஆண்டவர் வேண்டாம் என்று இல்லை. தண்ணீர்தான் வேண்டாம். அப்படித்தானே?

ஏன் என்று கேட்க மாட்டேன். நீங்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், கூட்டம் வேண்டாம். ஏதாவது ஒரு வாரநாளில், பாஸ்டரும் பாப்பாவும் நானும் மட்டும். மைக் கிடையாது, பாட்டுக் கிடையாது. முதல் நாள் படியில் உட்கார்ந்து காலை நனைத்தால் போதும். பிடிக்கவில்லை என்றால் எழுந்து வீட்டுக்குப் போய் டீ குடிப்போம். இன்னொரு நாள் இன்னொரு படி. எனக்கு ஒரு அவசரமும் இல்லை. நீங்கள் என் மணிக்கட்டை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் சரி, நான் விடமாட்டேன். முடியவே முடியாது என்றாலும், இதே வீட்டுக்காரர்தான் எனக்கு வேண்டும்.

பெயர் எழுதும் இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன்.

என்றும் உங்கள் பக்கத்தில் நிற்கும்,
உங்களவள்


அன்புள்ள உனக்கு,

இந்தக் கடிதத்தில் ஜோக் இல்லை, பொறுத்துக்கொள்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கூடப் படித்தவர்கள் விளையாட்டாக என்னைக் குளத்தில் தள்ளினார்கள். நான் கையையும் காலையும் அடித்தேன். நடிக்கிறேன் என்று நினைத்துக் கரையில் நின்று சிரித்தார்கள். உள்ளே போய்ப் போய் வந்தபோதெல்லாம் அந்தச் சிரிப்புத்தான் கேட்டது. துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருவர்தான் இழுத்துப் போட்டார். மறுநாள் வகுப்பில் அவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே அதைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தேன். அன்றிலிருந்து அப்படியே பழகிவிட்டது. என் அம்மாவிடம்கூட இதைச் சொன்னதில்லை.

நேற்றுப் பாஸ்டரிடம் சாவி வாங்கிக்கொண்டு போனேன். ஒயரைப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். தொட்டியில் தண்ணீர் இல்லை. இறங்கி உள்ளே நின்றேன். காய்ந்த தொட்டியிலேயே சுவரை விடாமல் பிடித்துக்கொண்டேன். ஆனால் மேலிருந்து பார்ப்பதைவிட அது சின்னதாகத்தான் இருக்கிறது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஏறி வந்தேன்.

நீ சொன்ன மாதிரியே வாரநாளாக இருக்கட்டும். என் பெயரை எழுது. ஒரு நாளில் முடியாது, அதைப் பாஸ்டரிடம் நீயே சொல்லிவிடு. நான் தடுமாறினால் யாரும் சிரிக்கக் கூடாது. பாப்பாவிடமும் முன்னாலேயே சொல்லி வை.

எனக்கு ஜெபம் பண்ண வராது. மற்றவர்கள் ஜெபிக்கும்போது சத்தத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் பழக்கம். இருந்தாலும் ஒன்று எழுதியிருக்கிறேன், சரியாக இருக்கிறதா என்று பார்.

ஆண்டவரே, அவளைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிடும். எனக்கு அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆமென்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்